தேன்குட எறும்பு வளர்க்கப் போகிறீர்களா? முதலில் கூரையைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: தேன்குட எறும்பின் ராணி ஒன்று கைக்கு வரும் வாய்ப்பு இருக்கிறது. கடையில் வாங்கிய தட்டையான அக்ரிலிக் கூடு ஒன்றும் தயாராக இருக்கிறது. அதிலேயே விட்டு வளர்க்கலாமா? வயிறு உப்பித் தொங்கும் எறும்புகள் எப்போது வரும்? என்ன தீனி கொடுக்க வேண்டும்? அந்தத் தேனை எடுத்துச் சாப்பிட முடியுமா?

வளர்க்கலாம். ஆனால் அந்தத் தட்டைக் கூட்டை வேறு ஏதாவது எறும்புக்கு ஒதுக்கிவிடுங்கள். விற்பனைக்கு வரும் எறும்புக் கூடுகள் பலவற்றில் அறையின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே கீழே இருக்கும், மேலே வழவழப்பான கண்ணாடியோ அக்ரிலிக்கோ மூடியாக இருக்கும். மற்ற எறும்புகள் அதில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். இந்த எறும்பின் பிழைப்போ கூரையில்தான் நடக்கிறது. தீனியிலும் ஈரத்திலும் சூட்டிலும் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கூட்டம் சமாளித்துக்கொள்ளும். கூரை சரியில்லை என்றால், எதைப் பார்ப்பதற்காக வளர்க்கிறீர்களோ அதை மட்டும் பார்க்கவே முடியாது.

தேன்குட எறும்பு என்று ஒரே ஒரு இனம் கிடையாது. வறண்ட நிலங்களில் வாழும், நெருங்கிய உறவு எதுவும் இல்லாத சில எறும்புப் பேரினங்கள் தனித்தனியாக இந்த வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவிலும் இருப்பது மிர்மெகோசிஸ்டஸ். ஆஸ்திரேலியாவின் முல்கா மரக்காடுகளில், செம்மண்ணுக்கு அடியில் வாழ்வது கம்போனோட்டஸ் இன்ஃப்ளேட்டஸ். கொதிக்கும் வெயிலில் இரை தேடுவதற்குப் பேர்போன மெலோஃபோரஸ் பகோட்டி என்ற இன்னொரு ஆஸ்திரேலிய எறும்பும் இப்படிச் சேமிக்கும். வீட்டில் வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது மிர்மெகோசிஸ்டஸ்தான் என்பதால், இந்தப் பதில் முழுக்க அதைப் பற்றியது. வளர்ப்பவர்கள் ரிப்ளீட் என்று சொல்லும் தொங்கும் எறும்புகளை இங்கே சுருக்கமாகக் குடம் என்றே சொல்கிறேன்.

குடங்கள் தனி ஜாதியாகப் பிறப்பதில்லை. மற்ற வேலைக்கார எறும்புகளோடு கூடப் பிறந்தவைதான். கூட்டுப்புழு உறையை விட்டு அண்மையில் வெளியே வந்த, உடம்பு இன்னும் இறுகாத இளம் எறும்புகளே குடமாகின்றன. அதிலும் உடல்வாகு பெரியவைதான் அதிகம் என்று மிர்மெகோசிஸ்டஸ் மெக்சிகானஸில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். எறும்பின் வயிற்றுக்குள் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. முன்பையில் இருப்பது கூட்டத்துக்குப் பொதுவானது. பின்னால் இருப்பதுதான் அதன் சொந்த இரைப்பை. நடுவில் ஒரு வால்வு. வெளியே போய் வந்த எறும்புகள் கொண்டுவரும் இனிப்பு நீர் வாய்க்கு வாய் மாறி இந்த இளம் எறும்புகளிடம் வந்து சேரும். முன்பை பெருக்கப் பெருக்க, வயிற்றின் கடினமான ஓட்டுத் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் உள்ள மெல்லிய சவ்வு இழுபட்டு, கடைசியில் திராட்சைப் பழம் அளவுக்கு உருண்டுவிடும். உருண்டையின் மேல் அங்கங்கே தெரியும் கருப்புப் பட்டைகள்தான் அந்தப் பழைய தகடுகள். வெளியே எதுவும் கிடைக்காத காலத்தில் பசித்த எறும்பு வந்து உணர்கொம்பால் தட்டிக் கேட்கும். குடம் ஒரு சொட்டைக் கக்கிக் கொடுக்கும்.

எல்லாக் குடத்திலும் ஒரே சரக்கு இருக்காது. அடர்ந்த தேன் நிறத்தில் இருப்பவற்றில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கெட்டியாக இருக்கும். வெளிறிய, கிட்டத்தட்ட நிறமே இல்லாத குடங்களில் நீர்த்த சர்க்கரைக் கரைசல். பாலைவனத்தில் தண்ணீரும் சேமிக்க வேண்டிய பொருள்தானே. உங்கள் கூட்டில் வெளிறிய குடங்கள் தெரிந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம்.

இப்போது கூரைக்கு வருவோம். ஹென்றி மக்குக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1879-இல் கொலராடோ மாநிலத்தின் கார்டன் ஆஃப் தி காட்ஸ் என்னும் செம்பாறைப் பகுதியில் இந்த எறும்புகளின் கூடுகளைப் பொறுமையாகத் தோண்டிப் பார்த்தார். 1882-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். குடங்கள் தொங்கும் அறைகளின் தரையும் சுவரும் மழமழவென்று இருக்க, கூரையை மட்டும் எறும்புகள் சொரசொரப்பாகவே விட்டிருந்ததை அவர் கவனித்தார். குடம் தன் கால் நகங்களை மண் துகளில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தொங்க வேண்டும். கண்ணாடியில் அப்படி மாட்ட இடமே கிடையாது. மெலிந்த எறும்பு பாதத்தில் உள்ள ஒட்டும் திண்டை வைத்துக் கண்ணாடியில் ஏறிவிடும். தன் எடையைப் போலப் பல மடங்கு சுமையோடு நாள் முழுக்கத் தொங்க அந்தத் திண்டு போதாது.

அதனால் நான் சொல்வது செங்குத்தாக நிற்கும் கூடு. கட்டட வேலையில் பயன்படும், எடை குறைந்த ஏஏசி கல்லை ஐந்தாறு சென்டிமீட்டர் தடிமனுக்கு அறுத்து, அதன் முகத்தில் அறைகளைக் குடைந்து, முன்னால் கண்ணாடி வைத்து மூடுவது. ஒவ்வொரு அறையும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் உயரமும் ஏறக்குறைய அதே ஆழமும் இருக்கட்டும். கூரையை வளைவாகக் குடையுங்கள். அறையின் மேற்பகுதி கல்லாகவே இருப்பதால் நகம் மாட்ட நுண்துளைகள் நிறைய கிடைக்கும். குடங்கள் அங்கே தொங்கும், நீங்கள் பக்கவாட்டில் இருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். இந்தக் கல்லைச் சாதாரண ஸ்க்ரூடிரைவராலேயே குடையலாம். தூசி மட்டும் நிறையப் பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். குடைந்து முடித்ததும் நன்றாகக் கழுவி, முழுக்கக் காய வைத்த பிறகே எறும்பை விட வேண்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பவர்களும் உண்டு. முடியும். வார்த்தது ஈரமாக இருக்கும்போதே கூரைப் பகுதியில் கழுவிய ஆற்று மணலைத் தூவி அழுத்திவிட்டால் பிடிமானம் வந்துவிடும். ஆனால் தொடர்ந்து நனைத்தால் பிளாஸ்டர் உதிரத் தொடங்கும், பூஞ்சையும் பிடிக்கும். முப்பரிமாண அச்சில் எடுத்த கூடுகள், அறை உயரமாக இருந்தால் பரவாயில்லை. அதிலும் கூரைக்கு மட்டும் மணல் ஒட்டுவது நல்லது. பசை முழுமையாக உலர்ந்து வாசனை போன பிறகே பயன்படுத்த வேண்டும். கையில் இருக்கும் அக்ரிலிக் கூட்டைத் தூக்கிப் போட மனமில்லை என்றால், அறை உயரம் இரண்டு சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் அதன் கூரைக்கும் இதே மணல் வைத்தியம் செய்யலாம். கண்ணாடித் தொட்டியில் மண்ணை நிரப்பி அவற்றையே தோண்டவிடுவதில் எறும்புக்குச் சந்தோஷம், உங்களுக்குத்தான் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

கூடு எங்கே நிற்கப் போகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். குடங்கள் வந்த பிறகு கூட்டைச் சாய்ப்பதும் நகர்த்துவதும் ஆபத்து. ஸ்பீக்கர் இருக்கும் மேசை, அடிக்கடி அடித்து மூடும் கதவுக்குப் பக்கத்துச் சுவர், துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் அறை எல்லாம் வேண்டாம். முதல் நாளில் இருந்தே அது அசையாத இடமாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும்.

சரி, ராணி. இந்த எறும்புகளின் இணைப்பறப்பு பெரும்பாலும் மழையை ஒட்டி நடக்கும். அரிசோனா பக்கத்தில் கோடைப் பருவமழை இறங்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பல இனங்கள் பறக்கும். கலிஃபோர்னியாவில் ஆண்டின் முற்பகுதியில் பறக்கும் இனங்களும் உண்டு. இணை சேர்ந்து இறகை உதிர்த்துவிட்டுத் தரையில் திரியும் ராணியைப் பிடிப்பதுதான் முறை. பெரிய கூட்டைத் தோண்டி ராணியை எடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். கூடு மீட்டர் கணக்கில் கீழே போகும், ராணி அகப்படுவதற்குள் பல ஆண்டு வளர்ந்த ஒரு கூட்டமே அழிந்திருக்கும்.

எங்கிருந்து வாங்கினாலும் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்கு ராணி எறும்பை அனுப்ப, வேளாண் துறையின் பிபிகியூ 526 என்ற அனுமதி வேண்டும். நாடு விட்டு நாடு கொண்டுவருவது இன்னும் கடினம். உயிருள்ள பூச்சிகளைத் தாவரப் பாதுகாப்புச் சட்டங்களின் கீழ் கட்டுப்படுத்தும் நாடுகள்தான் அதிகம். இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட முடியாது. 2025-இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வெளியே கொண்டுபோக முயன்ற இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டு, நீதிமன்றம் அபராதமோ சிறையோ என்று தீர்ப்பளித்தது. அவை விதை சேமிக்கும் வேறு வகை எறும்புகள். சட்டம் பார்க்கும் பார்வை ஒன்றுதான். அனுமதி கிடைக்காத இடத்தில் இருந்தால், உங்கள் பகுதியிலேயே இருக்கும் கம்போனோட்டஸ் பேரின எறும்பு ஒன்றை வளர்க்கலாம். குடம் தொங்காது, ஆனால் சர்க்கரைத் தண்ணீர் குடித்த எறும்புகளின் வயிற்றுத் தகடுகள் விலகி மினுமினுப்பதை அவற்றிலும் பார்க்கலாம்.

எந்த இனம் என்று தெரிந்து வாங்குங்கள். மெக்சிகானஸ் வெளிறிய மஞ்சள் நிறம், பெரிய கண், இரவில் இரை தேடும். மிமிகஸ், மெண்டாக்ஸ் போன்றவை பகலில் நடமாடும். எறும்புகளை எப்போது பார்க்க முடியும், எப்போது தீனி வைக்க வேண்டும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. வேலை முடிந்து இரவில்தான் நேரம் கிடைக்கும் என்பவருக்கு மெக்சிகானஸ் பொருத்தம்.

ராணி தனியாக இருக்கும் முதல் கட்டம்தான் மனதுக்குக் கஷ்டமானது. செய்வதற்கு ஒன்றும் இல்லை, கையும் சும்மா இருக்காது. ஒரு டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதைப் பஞ்சால் இறுக்கி அடைத்து, மீதி இடத்தில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. தரையில் ஒரு சிட்டிகை கழுவிக் காய்ந்த மெல்லிய மணல் போடுங்கள். இந்த எறும்பின் புழுக்கள் பட்டு உறை நெய்து அதற்குள்தான் கூட்டுப்புழு ஆகின்றன. நெய்யத் தொடங்கும்போது நூலை ஒட்ட ஏதாவது பிடி வேண்டும். வழவழ கண்ணாடியில் பிடி கிடைக்காமல் சில புழுக்கள் வீணாகும். ராணிக்கு இந்தக் கட்டத்தில் தீனி தேவையில்லை. பறப்பதற்குப் பயன்பட்ட தசைகளைக் கரைத்துத்தான் முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறாள். 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் சூட்டில், இருட்டில், அசைவில்லாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு முறை, சில நொடி எட்டிப் பார்த்தால் போதும். அடிக்கடி வெளிச்சம் காட்டினால் முட்டைகளைத் தானே தின்றுவிடுவாள். முதல் வேலைக்கார எறும்பு வர ஒன்றரை முதல் இரண்டரை மாதம் ஆகலாம். எல்லாம் சரியாகச் செய்தும் ராணி இறந்துபோவது இந்தப் பேரினத்தில் சகஜம். இதில் தோற்றவர்கள் ஏராளம். ஒரே ராணியை நம்பி பெரிய கூட்டைக் கட்டி முடித்துவிட வேண்டாம்.

மிமிகஸில் சில ராணிகள் சேர்ந்து ஒரே குழியில் கூட்டைத் தொடங்குவது இயற்கையிலேயே உண்டு. 1982-இல் பார்ட்ஸ், ஹோல்டோப்லர் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். மூன்று நான்கு ராணிகள் சேரும்போது எறும்புகள் வேகமாகப் பெருகுகின்றன, ஆனால் வேலைக்கார எறும்புகள் வந்த பிறகு ஒரு ராணிதான் மிஞ்சுகிறாள் என்று தெரிந்தது. மற்ற ராணிகளின் கதி என்ன என்று விளக்கத் தேவையில்லை. மெண்டாக்ஸில் மட்டும் சில பகுதிகளைச் சேர்ந்த கூட்டங்களில் பல ராணிகள் கடைசி வரை ஒன்றாக இருக்கிறார்கள். உங்கள் ராணிகள் எங்கே பிடிபட்டவை என்று தெரியாதபோது சேர்த்து வைக்காமல் இருப்பது மேல். வளர்ந்த இரண்டு கூட்டங்களை ஒன்றாக்கும் யோசனை அறவே கூடாது. மிமிகஸ் பக்கத்துக் கூட்டத்தோடு எல்லையில் நூற்றுக்கணக்கில் கூடி, கால்களை நிமிர்த்தி உயரம் காட்டிப் பல நாள் வீம்பு பிடிக்கும். எதிரி மிகவும் சின்னக் கூட்டம் என்று தெரிந்தால் உள்ளே புகுந்து ராணியைக் கொன்று, புழுக்களையும் இளம் எறும்புகளையும் குடங்களையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். 1976-இல் ஹோல்டோப்லர் இதை விவரித்து எழுதினார்.

முதல் எறும்புகள் வந்ததும் தீனி ஆரம்பிக்கலாம். இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். தேன் எறும்பு என்றதும் சர்க்கரைத் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கூட்டம் பெருகுவது புரதத்தால். புழுக்களுக்குப் பூச்சி வேண்டும். சின்னக் கூட்டத்துக்குப் பழ ஈக்களைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மிர்மெகோசிஸ்டஸ் அவற்றை ஆசையோடு எடுக்கும். கொஞ்சம் பெரிதானதும் சுவர்க்கோழி, மாவுப்புழு ஆகியவற்றை உறைய வைத்துக் கொன்று, துண்டாக்கிக் கொடுக்கலாம். காட்டில் மிமிகஸ் கறையான் வேட்டையில் கெட்டி, பக்கத்துக் கூட்டத்தோடு அந்த வீம்புக்குக் காரணமே பல நேரம் கறையான் பங்குதான். ஆனால் வெளியில் பிடித்த பூச்சிகளில் மருந்து இருக்கலாம். ஒரு துண்டு போதும், கூட்டமே காலியாகிவிடும். தனியாக வளர்த்த தீனிப் பூச்சிகளையே கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அவை ஒரே நாளில் தின்று முடிக்கும் அளவு. மீதியை எடுத்துவிடுங்கள்.

இனிப்புக்கு வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று அல்லது நான்கு பங்கு. காட்டில் இவை பூந்தேன், அசுவினிப் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீர் போன்றவற்றைச் சேர்க்கும். கொலராடோவில் மக்குக் பார்த்தது இன்னும் வேடிக்கை: இரவில் எறும்புகள் ஓக் மரத்துப் புடைப்புகளில் கசியும் இனிப்பை நக்கி, வயிறு நிறைந்து திரும்பின. எல்லாமே நீர்த்தவைதான். கெட்டிப் பாகு கொடுத்தால் குடம் சீக்கிரம் வரும் என்று நினைக்க வேண்டாம், கெட்டிப்படுத்தும் வேலையை எறும்புகள் பார்த்துக்கொள்ளும். திறந்த கிண்ணத்தில் ஊற்றினால் மூழ்கிச் சாகும். பஞ்சில் நனைத்தோ, எறும்பு விழ முடியாத திரவத் தீனிக் குடுவையிலோ கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் மாற்றிவிடுங்கள். சர்க்கரைக்குப் பதிலாக வரும் செயற்கை இனிப்புகள் எதுவும் வேண்டாம். தனியாக வெறும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும்.

சூடும் ஈரமும் பற்றி எல்லோரும் எண்களைக் கேட்கிறார்கள். எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். கூட்டின் ஒரு பக்கம் 28, 30 டிகிரி, மறுபக்கம் அறைச் சூடு. ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்து இருக்க வேண்டும். எங்கே வேண்டுமோ அங்கே முட்டை புழுக்களை அவையே தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளும். பாலைவன எறும்பு என்று எல்லா இடத்தையும் உலர விடாதீர்கள். மேலே மணல் காய்ந்து கிடந்தாலும் ஆழத்தில் மண் ஈரமாகத்தான் இருக்கும், குடங்கள் தொங்குவதும் ஆழத்தில்தான். ஏஏசி கல் என்றால் ஒரு ஓரத்தில் குழி வெட்டி அதில் தண்ணீர் ஊற்றினால் கல் உறிஞ்சிப் பரப்பிவிடும். கண்ணாடியில் நீர்த்துளி கோத்து வழிந்தால் ஈரம் அதிகம். கூரையில் நீர் கோத்தால் பிடி நழுவும். ஹீட்டிங் கேபிளை மேல்பக்கமாகவோ பின்பக்கத்து ஒரு மூலையிலோ வையுங்கள். ராணியின் அறைக்கு நேர் கீழே வேண்டாம். குளிர்காலத்தில் கூட்டம் மந்தமானால் சூட்டைக் கொஞ்சம் குறைத்து, தீனியையும் குறைத்து இரண்டு மாதம் ஓய்வு கொடுப்பது நல்லது.

சரி, குடம் எப்போது வரும்? வேலைக்கார எறும்புகள் சில டஜனைத் தாண்டி நூறை நெருங்கும்போது, இனிப்பு தடையில்லாமல் கிடைத்தால், முதல் சில இளம் எறும்புகள் வயிறு பெருத்துக் கூரையின் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். முதல் தலைமுறை எறும்புகள் எப்போதும் குட்டையாகத்தான் இருக்கும். அவற்றில் பெரிய குடம் எதிர்பார்க்காதீர்கள். கூட்டம் பெருகப் பெருக, பிறக்கும் எறும்புகளும் பெரிதாகும். அப்போதுதான் உருண்டு திரண்ட குடங்கள் வரும். அதற்கு ஒன்றிரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் குடத்தின் அளவு கூடும், குறையும். கூட்டம் வேகமாகப் புழு வளர்க்கும் காலத்தில் குடங்கள் வற்றுவது இயல்பு, அதற்குத்தானே சேமித்தது. குடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று பூச்சியைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. புழு குறைந்தால் இளம் எறும்பு குறையும், இளம் எறும்பு குறைந்தால் அடுத்த குடம் எங்கிருந்து வரும்?

குடம் கீழே விழுவது எவ்வளவு நல்ல கூட்டிலும் நடக்கும். விழுந்த குடத்தால் அந்தச் சுமையோடு தானாக ஏற முடியாது. மற்ற எறும்புகள் வந்து நக்கிச் சுத்தம் செய்யும். ஆனால் தூக்கி மேலே மாட்டிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடுக்கியால் மட்டும் தொடாதீர்கள், அந்தச் சவ்வு லேசான அழுத்தத்திலேயே கிழிந்துவிடும். முடிந்தால் மெல்லிய தூரிகையின் முனையை அதன் முன்கால்களுக்கு நீட்டி, பிடித்துக்கொண்டதும் மெதுவாகக் கூரைப் பக்கம் கொண்டுபோகலாம். பெரும்பாலும் கூட்டைத் திறப்பதால் வரும் கலவரம் இன்னும் நான்கைக் கீழே தள்ளும் என்பதால், ஒன்று விழுந்ததற்காகத் திறக்காமல் இருப்பதே நல்லது. தரையில் கிடந்தபடியே அது பல நாள் உயிரோடு இருக்கும், கேட்கிற எறும்புக்குத் தேனும் கொடுக்கும். அடிக்கடி விழுகிறது என்றால் கூரை சரியில்லை, அல்லது அதிர்வு இருக்கிறது, அல்லது கூரையில் நீர் கோக்கிறது. மூன்றில் ஒன்றுதான்.

குடம் வெடித்தால் சுற்றி இருப்பவை ஓடிவந்து சிந்தியதை நக்கிக் குடிக்கும். ஆனால் தானாக இறந்த குடத்தை அவை அப்படிக் குடிப்பதில்லை. மக்குக் பார்த்த வரையில், வயிற்றை உடம்பில் இருந்து துண்டித்து, உள்ளே இருந்த தேனைத் தொடாமலேயே உருட்டிக்கொண்டு போய்ப் பிணம் போடும் இடத்தில் தள்ளின. உங்கள் வெளித்தொட்டியின் மூலையில் தேன் நிற உருண்டை ஒன்று தனியாகக் கிடந்தால் அதுதான் விஷயம். பூஞ்சை பிடிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

வெளித்தொட்டி என்று நான் சொல்வது, கூட்டோடு குழாயால் இணைத்த, தீனி வைக்கும் பெட்டி. மூடி வேண்டும், நல்ல காற்றோட்டமும் வேண்டும். இவை கொட்டாது, ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். காற்று புகாத சின்னப் பெட்டியில் கூட்டம் மிரண்டு பீய்ச்சினால் அதன் புகையிலேயே அவை செத்துப்போகலாம். விளிம்பில் ஃப்ளுவான் என்ற, காய்ந்ததும் எறும்பின் கால் வழுக்கும் பூச்சை ஒரு கோட்டுக்குப் பூசினால் ஏறாது. அது கிடைக்கவில்லை என்றால் டால்க் பவுடரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் குழைத்துப் பூசி உலர விடலாம்; ஈரம் பட்டால் பயன் போய்விடும், அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும். கூட்டின் கண்ணாடிக்குச் சிவப்புத் தாள் ஒட்டினால் எறும்புகளுக்குக் கிட்டத்தட்ட இருட்டு, உங்களுக்குப் பார்வை.

தேனைச் சாப்பிடும் கேள்வி. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் காலங்காலமாகக் கம்போனோட்டஸ் இன்ஃப்ளேட்டஸ் குடங்களைத் தோண்டி எடுத்துச் சாப்பிட்டு வருகிறார்கள்; மெக்சிகோவிலும் அந்த வழக்கம் உண்டு. ஆஸ்திரேலியத் தேனை ஆராய்ந்த சிட்னி பல்கலைக்கழகத்தினர், அது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவையும் சில பூஞ்சைகளையும் கட்டுப்படுத்துவதாக 2023-இல் வெளியிட்டார்கள். உங்கள் வீட்டுக் குடத்துக்குள் இருப்பது நீங்கள் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர்தான். ஒரு துளிக்காக ஒரு எறும்பைக் கொல்வது, அதுவும் கூட்டத்தின் இருப்பில் கை வைத்து, வேண்டாத வேலை.

கடைசியாக ஒன்று, கேட்காவிட்டாலும். வீடு மாற்ற வேண்டி வந்தால் முன்னமே திட்டமிடுங்கள். சில வாரம் இனிப்பைக் குறைத்துப் பூச்சியை மட்டும் கொடுத்தால் குடங்கள் ஓரளவு வற்றி எடை குறையும். கிளம்பும் முன் சூட்டைக் குறைத்து, கூட்டை நிமிர்ந்த நிலையிலேயே, அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். சேர்ந்ததும் இரண்டு நாள் திறக்காமல் இருட்டில் விடுங்கள். வளர்க்க முடியாத நிலை வந்தால் இன்னொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்கலாம். பிடித்த அதே இடம் அல்லாமல் வேறு எங்கும் வெளியே விடக் கூடாது.